பேர் வைக்கிறதுக்கு முன்னாடி பிள்ளையைப் பாரு, தங்கச்சி!

தங்கச்சி, உன் வகுப்புல மாற்றுத்திறன் உள்ள பிள்ளை இருந்தா, சிறப்புப் பயிற்றுநர் வர்ற நாளுக்காகக் காத்திருக்காதே. மத்த எல்லாத்தையும் விட இதை முதல்ல சொல்லணும். ஒரு வட்டார வள மையத்துல இருக்கிற சிறப்புப் பயிற்றுநர்கள் சில பேர்தான். அந்தச் சில பேரும் ஊர் ஊரா பள்ளிக்கூடம் சுத்தணும், வீட்டுல படுத்திருக்கிற பிள்ளைகளையும் போய்ப் பார்க்கணும். தொடக்க நிலையில 10 பிள்ளைக்கு ஒருத்தர், அதுக்கு மேல 15 பிள்ளைக்கு ஒருத்தர்னு மத்திய அரசு 2022-ல விகிதம் அறிவிச்சிருக்கு. அது நடைமுறைக்கு வர்ற அன்னிக்கு வரட்டும். இன்னிக்குக் காலையில 9 மணியிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அந்தப் பிள்ளை முன்னாடி நிக்கப் போறது நீதான்.

விருத்தாசலம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல வர்ற பிள்ளைகள்ல நிறையப் பேர் சூளைக்கும், பொம்மைப் பட்டறைக்கும், முந்திரித் தோப்புக்கும் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க. அப்பா அம்மாவுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு கடலூர் போய் வர்றதே பெரிய விஷயம், போக 60 கிலோமீட்டர். அதனால நான் சொல்றதெல்லாம் உன் வகுப்பறையில, நம்ம ஊர்ல, கைக்கு எட்டுற தூரத்துல பண்ணக்கூடியதா இருக்கும்.

முதல்ல கண்ணு, காது

படிக்க மாட்டேங்கிறான், கவனிக்க மாட்டேங்கிறான்னு எந்தப் பிள்ளையைச் சொல்றதுக்கு முன்னாடியும் ரெண்டு விஷயத்தைப் பார்த்துடு. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குதா, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுதா, புத்தகத்தை மூக்குக்கிட்ட கொண்டு போகுதா? கண்ணாடி ஒண்ணு போதுமான பிள்ளையை வருஷக்கணக்கா மக்குன்னு திட்டியிருப்பாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு கண்ணொளி காப்போம் திட்டத்துல கண்ணாடி இலவசமாவே கிடைக்கும்.

காது இன்னும் ஏமாத்தும். காதுல சீழ் வடியுற பிள்ளைக்கு ஒரு வாரம் நல்லா கேக்கும், அடுத்த வாரம் கேக்காது. "நேத்து சொன்னா செஞ்சான், இன்னிக்கு வேணும்னே பண்றான்"னு நமக்குத் தோணும். பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு. சளி, காதுவலி அடிக்கடி வருமான்னு அம்மாகிட்ட கேளு. பள்ளிக்கு வர்ற நடமாடும் மருத்துவக் குழு கிட்ட அந்தப் பிள்ளையை மறக்காம காட்டு. அவங்க வர்ற அன்னிக்கு வரிசையில நிக்கிற கூட்டத்துல அந்தப் பிள்ளை காணாமப் போயிடும். பேர் எழுதி வச்சிருந்து நீயே கையைப் பிடிச்சு முன்னாடி நிறுத்து.

பாடம் நடக்கும்போது சில விநாடி வெறிச்சுப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாம, அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கிற பிள்ளை உண்டு. கனவு காணுதுன்னு விட்டுடாதே. அது ஒரு வகை வலிப்பா இருக்கலாம், எத்தனை தடவை வருதுன்னு குறிச்சு வச்சு வீட்டுல சொல்லு. கை கால் இழுக்கிற வலிப்பு வந்தா இரும்புச் சாவி தேட வேண்டாம், வாயில ஸ்பூன் வைக்க வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம். பக்கத்துல இருக்கிற பெஞ்சை நகர்த்து, தலைக்குக் கீழ ஒரு துணி வை, இழுப்பு குறையும்போது ஒரு பக்கமா படுக்க வை, மணியைப் பாரு. 5 நிமிஷம் தாண்டினா 108-க்குக் கூப்பிடு.

தமிழ் படிக்கத் தடுமாறுற பிள்ளை

இதுல கொஞ்சம் அதிக நேரம் நிக்கப் போறேன். ஏன்னா வகுப்புல அதிகம் தப்பிப் போறது இந்தப் பிள்ளைதான். நடக்கும், ஓடும், வாய் நிறையப் பேசும், கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியா வாங்கிட்டு வரும். வாசிக்கச் சொன்னா மட்டும் வேர்த்துப் போகும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாததால சோம்பேறின்னு பட்டம்.

ல, ள, ழ மாத்தி எழுதுறதை வச்சு முடிவு பண்ணாதே. அது பெரியவங்களே பண்றது. ண, ன, ந குழப்பமும் அப்படித்தான். நீ பார்க்க வேண்டியது வேற. தனித்தனி எழுத்தைச் சரியா சொல்லிட்டு, 'ப-ட-ம்'னு சேர்க்கும்போது நின்னு போகுதா? புள்ளியை விட்டுட்டு 'மரம'ன்னு வாசிக்குதா? ஒரே சொல்லை மேல் வரியில சரியா வாசிச்சுட்டு கீழ் வரியில புதுசா பார்க்கிற மாதிரி பார்க்குதா? மூணாம் வகுப்பு தாண்டியும் இது மாறலைன்னா கவனி.

நம்ம எழுத்துல சில இடங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு நிஜமாவே பள்ளம். 'கெ', 'கே', 'கை' மூணுலயும் கொம்பு எழுத்துக்கு இடது பக்கம் நிக்குது, ஆனா சத்தம் எழுத்துக்கு அப்புறம் வருது. 'கொ' வந்தா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்குது. இடமிருந்து வலமா வாசின்னு நாமதான் சொல்லிக் கொடுத்தோம், அதே வரிசையில வாசிச்சா தப்பாகுது! உகர வரிசையில 'கு', 'சு', 'டு', 'து', 'பு' ஒவ்வொண்ணும் ஒரு வடிவம். 'க' ஒரே எழுத்து, 'கடல்'ல ஒரு சத்தம், 'தங்கம்'ல இன்னொரு சத்தம். 247 எழுத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சாலும் இந்த முடிச்சு அவிழாது.

அதனால இப்படிப் பண்ணு. எழுத்து வரிசையை அப்படியே நடத்தாம வடிவ வரிசையா நடத்து. 'ட, ப, ம'ன்னு நேர்கோட்டுல வர்றதை முதல்ல. கொம்பு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போது கொம்பைச் சிவப்புப் பென்சில்ல எழுது, மெய்யை நீலத்துல எழுது. "சிவப்பைக் கண்ணால முதல்ல பாரு, வாயால கடைசியில சொல்லு"ன்னு ஒரு வழி பழக்கிக் கொடு. ஒரு நாளைக்கு ரெண்டு வடிவம் போதும். நேத்து படிச்சதை இன்னிக்கு திரும்பத் தொட்டுட்டுத்தான் புதுசு. வாசிக்கும்போது வரிக்குக் கீழ ஒரு அட்டையை வச்சு நகர்த்தச் சொல்லு. வகுப்பு முன்னாடி எழுப்பி வாசிக்கச் சொல்லாதே, கண்டிப்பா சொல்லாதே. வாசிக்க வைக்கணும்னா முந்தின நாளே "நாளைக்கு இந்த நாலு வரி உனக்கு"ன்னு சொல்லி, வீட்டுல பழகிட்டு வர விடு.

எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை இருக்கில்ல, அதை இந்தப் பிள்ளைக்கு நல்லா பயன்படுத்து. நாலாம் வகுப்புப் பிள்ளை அரும்புப் பயிற்சி பண்றதுல வெக்கம் ஒண்ணும் இல்லைன்னு உன் முகத்துல தெரியணும். ஆனா அறிவியலும் சமூக அறிவியலும் காதால கேட்டு அந்தந்த வகுப்புக்குரியதையே படிக்கட்டும். வாசிப்புல பின்தங்கின பிள்ளையோட மூளையையும் அரும்புலயே உக்கார வச்சிடாதே. பதிலை வாயால கேளு. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்னு அன்னிக்குத்தான் உனக்கே தெரியும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. இந்த மாதிரித் தடுமாற்றத்துக்குக் கற்றல் குறைபாடுன்னு 8 வயசுக்கு முன்னாடி சான்று தர மாட்டாங்க. சான்று வந்தப்புறம் பார்த்துக்கலாம்னா ஒண்ணாம், ரெண்டாம், மூணாம் வகுப்பு மொத்தமும் போயிடும். அடித்தளம் போடுற வருஷங்கள் அவை. உன் உதவிக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை.

நம்ம ஊர் களிமண்

சென்னையில பிள்ளைகளோட விரல் பலத்துக்கு விலை கொடுத்து வாங்குற பொருள் நம்ம தொழிற்பேட்டையில மூட்டை மூட்டையா கிடக்கு. நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிக் கிடைக்கிற வெள்ளைக் களிமண்ணாலதான் விருத்தாசலத்துக்குப் பீங்கான் ஊர்னு பேரே வந்தது. ஏதாவது ஒரு பட்டறையில பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குன்னு கேட்டா பிசைஞ்ச களிமண் ஒரு உருண்டை கொடுக்காம அனுப்ப மாட்டாங்க. உன் வகுப்புல யாரோட அப்பாவோ அங்கதான் வேலை பார்ப்பார், அவர்கிட்டயே கேளு. அந்தப் பிள்ளைக்கும் அன்னிக்கு ஒரு கௌரவம்.

பென்சிலை அழுத்திப் பிடிக்க முடியாத பிள்ளை, எழுதி அஞ்சு நிமிஷத்துல கை வலிக்குதுங்கிற பிள்ளை, மூளை முடக்குவாதத்தால விரல் இறுகின பிள்ளை எல்லாருக்கும் களிமண் உதவும். முதல்ல ரெண்டு கையாலயும் பிசையட்டும். அப்புறம் உள்ளங்கையில உருண்டை. அப்புறம் பலகையில வச்சு நீளமா கயிறு மாதிரி உருட்டல். கடைசியில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வச்சுக் கிள்ளிக் கிள்ளிச் சின்னச் சின்னத் துண்டு. பென்சில் பிடிக்கத் தேவையான பலம் இந்தக் கிள்ளல்லதான் வரும். எழுதுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இதைப் பண்ண வச்சுட்டு, அப்புறம் நோட்டைக் கொடு.

உருட்டின கயிறை வச்சு எழுத்து போடலாம். அட்டையில பெருசா 'அ' எழுதி, மேல களிமண் கயிறை வச்சு, காய்ஞ்சப்புறம் விரலால தடவச் சொல்லு. பார்வை இல்லாத பிள்ளைக்கு இதே களிமண்ல ஆறு புள்ளி பிரெயில் கட்டம் பெருசா செஞ்சு கொடுக்கலாம். கடலூர் மாவட்ட வரைபடத்தைப் புடைப்பா செஞ்சு, மணிமுத்தாறு ஓடுற இடத்துல பள்ளமா ஒரு கோடு இழு. கண்ணு தெரியுற பிள்ளைகளும் அந்தப் படத்தைத்தான் சுத்தி நிப்பாங்க, பாரேன்.

பொம்மை அச்சு கிடைச்சா இன்னும் நல்லது. ரெண்டு பாதி பிளாஸ்டர் அச்சுல களிமண் அழுத்தி, சேர்த்து, காய விட்டு, பிரிச்சு எடுக்கிற வேலை நாலு படி. அந்த நாலு படியையும் நாலு படமா வரைஞ்சு சுவர்ல ஒட்டு. ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு செய்யணும்னு மனசுல நிக்காத பிள்ளைக்கு இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியலை. கையில முடிஞ்ச பொருள் ஒண்ணு இருக்கும், வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம்.

எச்சரிக்கையும் சொல்லணும். காய்ஞ்ச களிமண் தூசி மூச்சுல போகக் கூடாது, அதுல சிலிக்கா இருக்கு. எப்பவும் ஈரமாவே வச்சுக்கோ. சிந்தினதைத் துடைப்பத்தால பெருக்காதே, ஈரத் துணியால துடை. பளபளப்புக்குப் பூசுற மெருகுப் பொடி, சாயம் எதையும் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வராதே. எதையும் வாயில வைக்கிற பிள்ளைன்னா களிமண்ணுக்குப் பதில் மைதா மாவு பிசைஞ்சு கொடு. ஈரம் கையில ஒட்டினாலே அலறுற பிள்ளை உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்ல இது சகஜம். கையைப் பிடிச்சு அமுக்காதே. பிளாஸ்டிக் பைக்குள்ள களிமண்ணைப் போட்டுக் கட்டிக் கொடு, மேலாக அமுக்கட்டும்.

சத்தம் தாங்காத பிள்ளை, ஓடுற பிள்ளை

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துல ரெண்டு நேரம் ரொம்பக் கஷ்டம். காலை வழிபாட்டு ஒலிபெருக்கி ஒண்ணு, சத்துணவு மணி ஒண்ணு. மணி அடிக்கப் போறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி "மணி அடிக்கும்"னு சொல்லிடு. வழிபாட்டுல கடைசி வரிசையில, ஒலிபெருக்கிக்கு எதிர்ப் பக்கம் நிக்கட்டும். சாப்பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே தட்டோட அனுப்பு, வரிசையும் தள்ளுமுள்ளும் இருக்காது.

இன்னிக்கு என்னென்ன நடக்கும்னு படமா ஒரு பட்டை ஒட்டி வை: தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. முடிஞ்சதைப் பிள்ளையே திருப்பி வைக்கட்டும். ஆசிரியர் விடுப்பு, விழா, தேர்வுன்னு வழக்கம் மாறுற நாள்ல அந்தப் படத்தை முந்தின நாளே மாத்திக் காட்டு. கண்ணைப் பார்த்துப் பேசுன்னு வற்புறுத்தாதே. நீ கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னா கிண்டல் பண்ணுதுன்னு நினைக்காதே. அந்தப் பிள்ளை பேச முயற்சி பண்ற விதம் அது.

ஓடுற பிள்ளை இருந்தா முதல் வேலை கேட்டைச் சாத்துறது. நம்ம ஊர் ரயில்வே ஜங்ஷன், நாலு பக்கமும் தண்டவாளம். ஆறும் இருக்கு, ஊருக்கு ஊர் ஏரியும் இருக்கு. தலைமையாசிரியர், சத்துணவு அக்கா, பக்கத்துக் கடைக்காரர் எல்லாருக்கும் அந்தப் பிள்ளை முகம் தெரிஞ்சிருக்கணும். அடையாள அட்டையில வீட்டு போன் நம்பர் இருக்கணும்.

காது கேக்காத பிள்ளைக்கு நீ பண்ண வேண்டியது ரொம்பச் சின்னது. கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசாதே, எழுதி முடிச்சுட்டுத் திரும்பிப் பேசு. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காதே, உன் முகம் இருட்டா தெரியும். காது கருவி போட்டிருந்தா காலையில பேட்டரி ஓடுதான்னு பாரு. வீட்டுல அந்தப் பிள்ளைக்குக் கீழ காது கேக்காத தம்பியோ தங்கையோ இருந்தா பெத்தவங்ககிட்ட உடனே சொல்லு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் அறுவைச் சிகிச்சை 6 வயசுக்குள்ளதான். ஒவ்வொரு மாசமும் கணக்கு.

நடக்க முடியாத பிள்ளைக்கு சாய்தளம் மட்டும் போதாது. சாய்தளம் போட்டிருந்தா அளந்து பாரு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். அதுக்குக் குறைஞ்சா சக்கர நாற்காலி உருண்டு ஓடிடும். உக்காரும்போது கால் தொங்கக் கூடாது, பாதத்துக்குக் கீழ பலகை வேணும். கால் தொங்கினா கையும் எழுத்துல நிக்காது. கழிவறைக்கு யார் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு ஏற்பாடு வேணும். இந்த இடத்துல எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல பள்ளிக்கூடத்துல அந்த வேலைக்கு அஞ்சாம் வகுப்புல படிக்கிற அக்காவையோ அண்ணனையோ பாடத்துல இருந்து எழுப்பிக் கூப்பிடுறாங்க. ஒரு பிள்ளைக்கு உதவ இன்னொரு பிள்ளையோட படிப்பை எடுக்கக் கூடாது. பெரியவங்க யாராவது பொறுப்பு எடுக்கணும். தலைமையாசிரியர்கிட்ட பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவுல வச்சு முடிவு பண்ணு.

கூட்டாளிப் பிள்ளை முறையும் நல்லதுதான், ஆனா வாரம் ஒருத்தரா மாத்து. நொண்டி, செவிடு, லூசுன்னு வகுப்புல ஒரு சொல் விழுந்தா அன்னிக்கே, எல்லார் முன்னாடியும் நிறுத்து. நீ சிரிச்சுட்டு விட்டா அது அனுமதி.

கணக்கு, காசு, பஸ்

அறிவு வளர்ச்சி மெதுவா இருக்கிற பிள்ளைக்கு எண்களைப் புத்தகத்துல காட்டாதே, ஊர்ல காட்டு. நம்ம பழமலைநாதர் கோயில்ல எல்லாமே அஞ்சு: அஞ்சு கோபுரம், அஞ்சு பிரகாரம், அஞ்சு கொடிமரம், அஞ்சு தேர். கோயிலுக்குப் போற பிள்ளைக்கு அங்கேயே அஞ்சு பதிஞ்சு போகும். போகாத பிள்ளைக்கு ஒரு கை விரல். அஞ்சு நிஜமா பதியாம பத்துக்குப் போகாதே.

நிஜ நாணயத்தை வச்சுக் கடை விளையாட்டு விளையாடு, பிளாஸ்டிக் காசு வேண்டாம். 10 கணக்கு போடச் சொல்ற இடத்துல 4 போதும், ஆனா அந்த 4-ஐயும் தானே போடணும். எட்டாம் வகுப்பு நெருங்கும்போது பஸ் ஸ்டாண்டுல பலகை பார்த்துப் பஸ் ஏறுறது, போன் நம்பர் சொல்றது, துணி மடிக்கிறது, கையெழுத்துப் போடுறது இதெல்லாம் பாடத்திட்டத்துல இல்லைன்னு விடாதே. பெண் பிள்ளைன்னா மாதவிடாய் வர்றதுக்கு முன்னாடியே, துணி மாத்துறதைப் படி படியா பழக்கணும்னு அம்மாகிட்ட பேசு. யார் தொடலாம், யார் தொடக் கூடாதுன்னு எல்லாப் பிள்ளைக்கும் சொல்றதை இந்தப் பிள்ளைக்கு இன்னும் அழுத்தமா, திரும்பத் திரும்பச் சொல்லு. பேச முடியாத பிள்ளையைத்தான் தப்பானவங்க தேடுவாங்க. உடம்புலயோ நடத்தையிலயோ திடீர் மாற்றம் தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசத் தயங்காதே.

அம்மாகிட்ட பேசுறது

"உங்க பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை, டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு வாசல்ல நின்னு சொல்லி அனுப்பாதே. உக்கார வை, தண்ணி கொடு. அந்தப் பிள்ளை நல்லா செய்யுற ரெண்டு காரியத்தை முதல்ல சொல்லு, அதுவும் பொய்யா இல்லாம நீ கண்ணால பார்த்ததா இருக்கணும். அப்புறம் நீ கவனிச்சதை மட்டும் சொல்லு: "பின்னாடியிருந்து கூப்பிட்டா திரும்பலை", "மூணு மாசமா இந்த எழுத்து நிக்கலை". நோய்க்குப் பேர் வைக்கிற வேலை உனக்கு இல்லை. அப்பாவையும் ஒரு தடவை வரச் சொல்லு. பாரம் முழுக்க அம்மா தலையில விழுற வீடு நிறைய. "என் பாவம்தான் இப்படிப் பொறந்திருக்கு"ன்னு அழுற அம்மாகிட்ட விளக்கம் கொடுக்காதே, அழட்டும், கேட்டுக்கோ. அடுத்து என்ன பண்ணலாம்னு தேதியோட சொல்லு.

தேதிங்கிறது மருத்துவ முகாம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி சார்புல வட்டார அளவுல வருஷா வருஷம் நடக்குது. மருத்துவர்கள் அங்கேயே வந்து பார்ப்பாங்க, அடையாள அட்டைக்கும் உதவி உபகரணத்துக்கும் அங்கேயே பதியலாம். கடலூர் அலைய வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பழைய மருந்துச் சீட்டு எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைக்கச் சொல்லு, ஜெராக்ஸ் ரெண்டு செட்டோட. முகாமுக்கு முன்னாடி பள்ளிக்கல்வித் துறையோட எமிஸ் தளத்துல அந்தப் பிள்ளையோட விவரம் ஏறியிருக்கான்னு பாரு. நலம் நாடி செயலியில நீ பதியுற ஆரம்பக் கணிப்புதான் சிறப்புப் பயிற்றுநரை உன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரும். அவசரமா தட்டி முடிச்சுடாதே, ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளையை மனசுல வச்சு நிரப்பு.

அட்டை வந்தா என்ன கிடைக்கும்னு அம்மாவுக்குச் சொல்லத் தெரியணும். தனித்துவ அடையாள அட்டை இருந்தாதான் பஸ் சலுகை, உதவித்தொகை எல்லாம். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கும் கடுமையான பாதிப்பு உள்ளவங்களுக்கும் மாநில அரசு பராமரிப்புத் தொகையா மாசம் 2,000 ரூபாய் கொடுக்குது. அதுக்கு விண்ணப்பிக்கிற இடம் கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துல 'விழுதுகள்'ங்கிற பேர்ல சேவை மையங்களும் திறந்துட்டு வர்றாங்க. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சின்னு எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ தர்றதுக்கான மையங்கள். பக்கத்துல எங்கே இருக்குன்னு வட்டார வள மையத்துல விசாரிச்சு வை. ரொம்பச் சிக்கலான பிள்ளைன்னா சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல மத்திய அரசோட தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கு. பல குறைபாடு சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குன்னே ஏற்பட்டது.

"எங்க ஸ்கூல்ல இந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்"னு யாராவது சொன்னதா அம்மா வந்து சொன்னா, சட்டத்தைச் சொல்லிக் கொடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதுல 21 வகைக் குறைபாடுகள் இருக்கு, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதுல அடக்கம். அரசு அங்கீகாரம் வாங்கின எந்தப் பள்ளியும், தனியார் பள்ளியும் சேர்த்துத்தான், பாகுபாடு இல்லாம சேர்த்துக்கணும், தேவையான வசதி பண்ணித் தரணும்னு 16-ம் பிரிவு சொல்லுது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருந்தா 6 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்விக்கு உரிமை உண்டுன்னு 31-ம் பிரிவு. 1994-ல ஸ்பெயின்ல சலமான்காங்கிற ஊர்ல 92 நாட்டு அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளையும் முடிஞ்ச வரைக்கும் ஒரே பள்ளிக்கூடத்துல சேர்ந்து படிக்கணும்னு சொன்னாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக நம்ம நாடு கையெழுத்துப் போட்ட உலக உடன்படிக்கையும் இந்தச் சட்டமும் அந்த வழியில வந்ததுதான். உன் வகுப்புல அந்தப் பிள்ளை உக்கார்றது உன் தயவு இல்லை, அதோட உரிமை.

ஒன்பதாம் வகுப்புலயே ஆரம்பி

பொதுத்தேர்வுச் சலுகையை நிறைய பேர் பத்தாம் வகுப்பு பாதியில நினைச்சுக்கிட்டு ஓடுறாங்க. கூடுதலா ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுறவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்குன்னு பிள்ளையோட தேவைக்கு ஏத்த மாதிரி அரசுத் தேர்வுத்துறை கொடுக்குது. ஆனா மருத்துவச் சான்று முதல்ல, விண்ணப்பம் அப்புறம், அனுமதி அதுக்கும் அப்புறம். மூணும் நடக்க மாசக்கணக்கு ஆகும். ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்துலயே தலைமையாசிரியர் வழியா காகிதத்தை நகர்த்தணும்.

சலுகை கிடைச்சா மட்டும் போதாது. சொல்லி எழுத வைக்கிறது ஒரு தனித் திறமை. எந்த இடத்துல நிறுத்தணும், சூத்திரத்தை எப்படிச் சொல்லணும், படத்துக்கு என்ன குறிப்பு சொல்லணும்னு பழகாத பிள்ளை, தேர்வு அன்னிக்கு முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னாடி வாயடைச்சுப் போகும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுலயே வேற வேற ஆளை எழுத வச்சுப் பழக்கு. மொழிப்பாட விலக்கை யோசிச்சு எடு. பின்னாடி எந்தப் படிப்புக்குப் போகப் போகுதுன்னு பார்த்துட்டு, வீட்டோட பேசிட்டு முடிவு பண்ணு.

அதுக்கு அப்புறமும் வழி இருக்குன்னு பிள்ளைக்குத் தெரியணும். அரசு உயர்கல்வி நிறுவனங்கள்ல 5 சதவீத இடம் ஒதுக்கணும்னு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுது. நம்ம ஊர்லயே பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கு. கை வேலையில நல்ல பிள்ளையை அங்கே ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டு. அச்சு ஊத்துறதையும் சூளை பிரிக்கிறதையும் கிட்ட நின்னு பார்த்துட்டு வரட்டும்.

வராத பிள்ளை

கடைசியா ஒரு பிள்ளை. உன் பதிவேட்டுல பேர் இருக்கும், எமிஸ்லயும் இருக்கும், பெஞ்சுல இருக்காது. எழுந்து உக்கார முடியாத, வீட்டுவழிக் கல்வியில இருக்கிற பிள்ளை. சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்குப் போறாங்க. அதனால அது அவங்க பிள்ளைன்னு நம்ம ஆளுங்க விட்டுடறாங்க. அப்படி இல்லை, அது உன் வகுப்புப் பிள்ளை. புத்தகமும் சீருடையும் வர்ற அன்னிக்கு அதோட பங்கை எடுத்து வை. வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை அழைச்சுட்டு அந்த வீட்டுக்குப் போ. ஆண்டு விழாவுக்கு ஆட்டோ வச்சாவது கூட்டிட்டு வரப் பாரு, முன் வரிசையில உக்கார வை. அப்படி ஒரு பேர் உன் பதிவேட்டுல இருந்து இதுவரைக்கும் நீ முகம் பார்த்தது இல்லைன்னா, இந்த மாசமே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடு, தங்கச்சி.